எடையிலிருந்து வயதைக் கழியுங்கள்

உங்கள் வீட்டில் மாதவிலக்கு நின்றுபோன பெண் இருக்கிறாரா? அவருடைய எடையைக் கிலோவில் எழுதிக்கொள்ளுங்கள். அதிலிருந்து அவருடைய வயதைக் கழித்து, வருகிற எண்ணை ஐந்தால் வகுங்கள்.

70 வயது, 43 கிலோ என்றால் மைனஸ் 27 வரும். ஐந்தால் வகுத்தால் மைனஸ் 5.4. வயது 62, எடை 50 என்றால் மைனஸ் 2.4. வயது 57, எடை 61 என்றால் பிளஸ் 0.8. விடை மைனஸ் 1-க்கு மேலே இருந்தால், எலும்பின் அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் எலும்புப்புரை நோய் இருக்கும் வாய்ப்பு குறைவு. மைனஸ் 1-க்கும் மைனஸ் 4-க்கும் நடுவில் என்றால் நடுத்தரம். மைனஸ் 4-க்கும் கீழே போனால் வாய்ப்பு அதிகம்.

இந்தக் கணக்குக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் ஆஸ்டா. எட்டு ஆசிய நாடுகளைச் சேர்ந்த, மாதவிலக்கு நின்ற 860 பெண்களை ஆராய்ந்து 2001-ல் இதை வெளியிட்டார்கள். குடும்ப வரலாறு, மருந்து, பழக்கவழக்கம் என்று பல கேள்விகளை வைத்துத் தொடங்கியவர்கள், கடைசியில் வயதும் எடையும் மட்டுமே போதும் என்ற முடிவுக்கு வந்தார்கள். எலும்புப்புரை உண்மையிலேயே இருந்த நூறு பேரில் 91 பேரை இந்தக் கணக்கு பிடித்துவிட்டது. இல்லாத நூறு பேரில் 45 பேரைத்தான் 'உங்களுக்கு இல்லை' என்று சரியாக விலக்கியது. மற்ற 55 பேரையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

நோய் உள்ளவரை இது அநேகமாகத் தவறவிடாது, இல்லாதவரையும் தொந்தரவு செய்யும். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் மைனஸ் 5 என்று வந்தவுடன் வீடே கலங்காமல் இருக்கும். அந்த எட்டு நாடுகளில் இந்தியா இல்லை என்பதும் நினைவிருக்க வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண்ணுக்கு இந்தக் கணக்கு எவ்வளவு பொருந்தும் என்று பார்ப்பதற்கு முன், எடைக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம் என்று பார்த்துவிடலாம்.

எலும்புக்குள் நடப்பது

எலும்பு ஒருமுறை வளர்ந்து அப்படியே நின்றுவிடுவதில்லை. பழைய எலும்பு கரைவதும் புதிய எலும்பு சேர்வதும் வாழ்நாள் முழுக்க நடக்கிறது. முப்பது வயது வாக்கில் உச்சத்துக்குப் போகும் எலும்பின் அடர்த்தி, பிறகு மெல்ல இறங்கும். பெண்களுக்குக் கரைவதைக் கட்டுக்குள் வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். மாதவிலக்கு நிற்கும்போது, நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதில், அந்தக் கட்டு தளர்கிறது. அடுத்த சில ஆண்டுகளில் கரைவது வேகம் பிடிக்கிறது.

எலும்பு பாரம் தாங்கத் தாங்க உறுதிப்படும். உடல் எடையும் ஒரு பாரம்தான். சினைப்பை ஓய்ந்த பிறகும் கொழுப்புத் திசு கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனைத் தந்துகொண்டிருக்கும். ஒல்லியான பெண்ணுக்கு இந்த இரண்டு உதவியும் குறைவு. அதனால்தான் வயதையும் எடையையும் வைத்தே இவ்வளவு தூரம் ஊகிக்க முடிகிறது.

எலும்புப்புரைக்கு வலி கிடையாது. முழங்கால் வலிக்கிறது என்று போனால் 'தேய்மானம்' என்பார்களே, அது மூட்டில் வருவது, வேறு நோய். எலும்புப்புரை முறியும் வரை ஒன்றும் சொல்லாது. கிணற்றடிப் பாசியில் வழுக்கிக் கையை ஊன்றியதும் மணிக்கட்டு முறிவது, நிலைப்படி தடுக்கி விழுந்ததும் தொடையெலும்பின் கழுத்து முறிவது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது முதுகெலும்பு ஒன்று நசுங்குவது, இப்படித்தான் முதல் செய்தி வரும். ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு, நின்ற நிலையில் விழுந்து தொடை எலும்போ முதுகெலும்போ முறிந்திருந்தால் அதுவே எலும்புப்புரைக்கான சான்று. அவருக்கு எடைக் கணக்கு எதுவும் தேவையில்லை, கட்டுப் போட்டதோடு நிறுத்திவிடாமல் எலும்புக்கும் வைத்தியம் கேட்க வேண்டும்.

நோயை உறுதிசெய்வது டெக்ஸா ஸ்கேன். இரண்டு விதமான, மிகக் குறைந்த அளவு எக்ஸ்ரே கதிர்களை இடுப்புப் பகுதி முதுகெலும்பிலும் தொடை எலும்பின் கழுத்திலும் செலுத்தி அடர்த்தியை அளப்பார்கள். இளம் பெண்களின் சராசரியோடு ஒப்பிட்டு டி-ஸ்கோர் என்ற எண்ணைத் தருவார்கள். மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை என்பது 1994-ல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. இந்த இயந்திரம் பெரிய ஊர்களில்தான் இருக்கும். வேதாரண்யத்துக்கோ முத்துப்பேட்டைக்கோ பக்கத்திலுள்ள கிராமத்திலிருந்து ஒரு மூதாட்டியை அதற்காக அழைத்துவர வேண்டுமென்றால் ஸ்கேன் காசு, பஸ் காசு, துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி எல்லாம் வேண்டும். எல்லோரையும் அனுப்ப முடியாது என்பதால்தான் யாரை முதலில் அனுப்புவது என்ற கேள்வி எழுகிறது. எடையும் உயரமும் பயன்படுவது அங்கேதான்.

குதிகாலைச் சின்ன இயந்திரத்தில் வைத்து இரண்டே நிமிடத்தில் சீட்டு தரும் இலவச முகாம்கள் அடிக்கடி நடக்கின்றன. அது ஒலியலையை வைத்துச் சொல்லும் ஊகம். அந்தச் சீட்டிலும் டி-ஸ்கோர் என்று அச்சாகியிருக்கும். ஆனால் மைனஸ் 2.5 என்ற வரம்பு அதற்குப் பொருந்தாது. அந்தச் சீட்டை மட்டும் நம்பி மாத்திரை தொடங்கவும் வேண்டாம், நிம்மதியாக இருந்துவிடவும் வேண்டாம்.

நம் பெண்களை அளந்தபோது

தமிழ்நாட்டில் இதை விடாமல் ஆராய்ந்தவர்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் நாளமில்லாச் சுரப்பித் துறையினர். நோயாளிகளாக வந்தவர்களை விட்டுவிட்டு, நடமாடிக்கொண்டு வீட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்த, ஐம்பது வயதைத் தாண்டிய 150 பெண்களை டெக்ஸாவில் அளந்தார்கள். 2008-ல் வெளியான அந்த ஆய்வில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு முதுகெலும்பிலோ தொடையிலோ எலும்புப்புரை இருந்தது. பத்து ஆண்டு கழித்து, 2018-ல், தென்னிந்தியக் கிராமப்புறப் பெண்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து இன்னோர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆஸ்டா உட்பட, வெளிநாடுகளில் உருவான பல முன்கணிப்பு முறைகளை டெக்ஸா முடிவோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு அது. கிடைத்த விடை ஏற்கெனவே பார்த்ததைப் போன்றதுதான்: நோய் உள்ளவர்களில் பெரும்பாலோரை இந்த எளிய கணக்குகள் பிடித்துவிடுகின்றன, இல்லாத பலரையும் சேர்த்துப் பிடிக்கின்றன. டெக்ஸா எட்டாத இடங்களில் முதல் படியாக வைத்துக்கொள்ளலாம்.

சிக்கல் வரம்பில்தான் இருக்கிறது. மேல்நாட்டு முறைகளில் 70 கிலோவுக்குக் கீழே இருந்தாலே ஸ்கேன் எடுக்கச் சொல்லும் முறை ஒன்று உண்டு. காவிரி டெல்டா கிராமத்தில் அதை வைத்தால் அறுபது வயதுப் பெண்களில் அநேகமாக எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அமெரிக்க மருத்துவச் சங்க இதழ் 2004-ல் வெளியிட்ட தொகுப்பு ஒன்று, 51 கிலோவுக்குக் கீழான எடை எலும்புப்புரை உள்ள பெண்களிடம், இல்லாதவர்களைவிட ஏழு மடங்கு அதிகமாகக் காணப்பட்டது என்றது. அங்கே அந்த எடை அபூர்வம், ஆகவே வலுவான அடையாளம். இங்கே வயல் வேலை பார்த்துப் பழகிய பெண்களில் 45 கிலோ என்பது வெகு சாதாரணம். அதே எண்ணுக்கு இங்கே அவ்வளவு வலு இருக்காது.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் காத்துக் கிடந்தவர்களுக்கு இது உடனே புரியும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. சம்பா அறுவடையில் மழை பிடித்துக்கொண்டால் அதை 19, 20 என்று தளர்த்தியது உண்டு. கோடு நகர்ந்தால் எந்த மூட்டை தராசுக்குப் போகும், எது களத்துக்குத் திரும்பும் என்பது மாறுகிறது. நெல்லின் ஈரம் அதேதான். எலும்புக் கணக்கின் வரம்பும் மனிதர்கள் தேவை பார்த்துப் போட்ட கோடு. மைனஸ் 4 என்பதன் இந்தப் பக்கம் நோய், அந்தப் பக்கம் ஆரோக்கியம் என்று எலும்பு பிரிந்து கிடக்கவில்லை. கிடைக்கிற ஸ்கேன் வசதிக்கு ஏற்ப வரிசையில் யார் முன்னால் நிற்க வேண்டும் என்பதையே அது சொல்கிறது.

டெக்ஸாவுக்குமே இந்தச் சங்கடம் உண்டு. அது கன அளவைப் பார்ப்பதில்லை, பரப்பளவுக்கு இவ்வளவு தாதுப்பொருள் என்றே கணக்கிடுகிறது. சிறிய எலும்பு உறுதியாக இருந்தாலும் அதில் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். 150 செ.மீ. உயரமுள்ள நம் பெண்ணை வெள்ளைக்காரப் பெண்ணின் சராசரியோடு ஒப்பிட்டால் டி-ஸ்கோர் இன்னும் கீழே இறங்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2010-ல் இந்தியர்களுக்கென்று ஒப்பீட்டு அளவுகளை வெளியிட்டது. ஸ்கேன் அறிக்கையில் எந்த அளவோடு ஒப்பிட்டார்கள் என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை.

குறைகிற உயரம்

மற்றவர்களோடு ஒப்பிடும் எண்ணைவிட, ஒருவரை அவரோடேயே ஒப்பிடும் எண் நம்பகமானது. அது உயரம். இளம் வயதில் இருந்த உயரத்தைவிட 4 செ.மீ. அல்லது அதற்கு மேல் குறைந்திருந்தால், அல்லது அளந்து குறித்து வைத்த உயரத்திலிருந்து 2 செ.மீ. குறைந்திருந்தால், முதுகெலும்பில் முறிவு இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். முதுகெலும்பு முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு, முறிந்தது என்றே தெரியாமல் போய்விடுகின்றன. வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துப் படுத்திருப்பார்கள், இரண்டு வாரத்தில் வலி தணியும், உயரம் மட்டும் குறைந்திருக்கும்.

இளம் வயது உயரம் யாருக்குத் தெரியும் என்று கேட்பீர்கள். பிரசவத்துக்குப் போனபோது ஆஸ்பத்திரியில் குறித்திருப்பார்கள், அந்தச் சீட்டு எங்கே போனதோ. அதற்கு வீட்டுக்குள்ளேயே சில தடயங்கள் உண்டு. அதே இடத்தில் செருகிய புடவையின் கொசுவம் முன்பக்கம் தரையில் இழுபடும். தையற்காரர் 'முன்பக்கம் தொளதொளங்குது, முதுகுல பத்தலை' என்பார். எட்டிய பரண் எட்டாது. டெல்டாவில் இதற்கு ஒரு விளக்கம் தயாராக இருக்கும்: 'நாத்து நட்டு நட்டு முதுகு வளைஞ்சு போச்சு.' நடவு கடினமான வேலைதான், இடுப்பு வலி வரும். ஆனால் உடலுழைப்பு எலும்பைக் கரைப்பதில்லை, உறுதிதான் படுத்தும். ஐம்பதுக்குப் பிறகு கூன் விழுந்து உயரமும் குறைந்தால் பழியை நடவின்மேல் போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. எலும்பு ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் குனிந்து பாரம் தூக்குவது அடுத்த முறிவுக்கு வழி செய்யும்.

அளக்கும் முறை எளிது. காலையில் அளங்கள், நாள் முழுக்க நின்று நடந்தால் மாலைக்குள் ஒரு செ.மீ. வரை குறையலாம். செருப்பைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்துவிட்டு, குதிகால் இரண்டும் சுவரில் படும்படி நிற்கச் சொல்லுங்கள். பார்வை நேராக இருக்கட்டும், மோவாயைத் தூக்க வேண்டாம். கனமான அட்டை போட்ட புத்தகத்தைத் தலையில் வைத்து, அதன் ஓரத்தைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, அடிப்பக்கத்தில் பென்சில் கோடு போடுங்கள். தரையிலிருந்து கோடு வரை தையல் டேப்பால் அளங்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுத்தால் பிழை குறையும். எடை பார்க்கும் மெஷினைப் பாயின்மேல் வைக்காமல் சிமெண்ட் தரையில் வையுங்கள். புடவையின் எடையைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு கிலோ கூடக் குறைய வந்தாலும் கணக்கில் மாறுவது 0.2 மட்டுமே.

சுவரில் நிற்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். நேராகப் பார்க்கும்போது பின்மண்டை சுவரைத் தொட வேண்டும். தொடவில்லையென்றால் மார்புப் பகுதி முதுகெலும்பு முறிந்து முன்னால் சாய்ந்திருக்கலாம். பிறகு அவரைத் திருப்பி நிறுத்தி, கைகளை முன்னால் நீட்டச் சொல்லி, பக்கவாட்டில் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் உங்கள் விரல்களை வைத்துப் பாருங்கள். இரண்டு விரல் இடமும் இல்லையென்றால் கீழ் முதுகெலும்பில் சந்தேகம். அந்த 2004 தொகுப்பு இந்த இரண்டையும் பயனுள்ள அடையாளங்களாகச் சொல்கிறது. எந்த ஒரு அடையாளத்தையும் தனியாக வைத்து முடிவெடுக்க முடியாது என்றும் சொல்கிறது. இருபது பல்லுக்குக் குறைவு என்ற அடையாளமும் அதில் உண்டு. வெற்றிலையும் புகையிலையும் போட்டுப் பல்லை இழந்தவர்கள் நிறைந்த நம் ஊரில் அது அவ்வளவாக உதவாது.

அளவில் சிக்காதவர்கள்

எடைக் கணக்கு நல்ல எண்ணைத் தந்தாலும் அதை நம்பக் கூடாத சிலர் இருக்கிறார்கள். முதலில் சர்க்கரை நோயாளிகள். டைப் 2 சர்க்கரை உள்ள பெண்ணுக்கு எடை அதிகம், டெக்ஸாவில் அடர்த்தியும் நன்றாக இருக்கும். ஆனால் எலும்பின் தரம் குறைந்திருப்பதால், அந்த அடர்த்திக்கு எதிர்பார்ப்பதைவிட முறிவு அதிகம். கண் மங்கல், கால் மரத்துப்போவது, திடீரென்று சர்க்கரை இறங்குவது எல்லாம் விழவும் வைக்கும். 72 கிலோ எடையுள்ள கும்பகோணத்துப் பெண்ணுக்கு ஆஸ்டா பச்சைக்கொடி காட்டும், எலும்பு காட்டாமல் போகலாம்.

அடுத்தது, ஆஸ்துமாவுக்கோ முடக்குவாதத்துக்கோ மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள். 'மூட்டுவலி மாத்திரை' என்று சீட்டில்லாமல் வாங்கிச் சாப்பிடுவதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், உறையோடு மருத்துவரிடம் காட்டுங்கள். நாற்பத்தைந்து வயதுக்கு முன்பே மாதவிலக்கு நின்றவர்கள், கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தவர்கள், தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்கள், வலிப்பு மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்கள், பெற்றோரில் ஒருவருக்கு இடுப்பு முறிந்தவர்கள் எல்லோரும் எண் எதுவாக இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எடை, உயரத்தோடு இவற்றில் பலவற்றையும் சேர்த்து, அடுத்த பத்து ஆண்டில் முறிவு வரும் வாய்ப்பைச் சொல்லும் பிராக்ஸ் என்ற கணினிக் கணக்கை ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் 2008-ல் வெளியிட்டது. அதில் இந்தியாவுக்கும் தனித் தெரிவு இருக்கிறது. மருத்துவர் இரண்டு நிமிடத்தில் போட்டுப் பார்த்துவிடுவார்.

அளந்த பிறகு

கணக்கு மைனஸ் 4-க்குக் கீழே வந்தாலோ, உயரம் குறைந்திருந்தாலோ, சுவரும் விரலும் சந்தேகம் காட்டினாலோ அந்த எண்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போய் மருத்துவரிடம் கொடுங்கள். 'உடம்பு பலவீனமா இருக்கு' என்று சொன்னால் சத்து மாத்திரை கிடைக்கும். 'எடை 43, வயது 70, உயரம் மூணு சென்டிமீட்டர் குறைஞ்சிருக்கு' என்று சொன்னால் எக்ஸ்ரேயோ டெக்ஸாவோ கிடைக்கும். கால்சியம், வைட்டமின் டி, தைராய்டு, சிறுநீரகம் ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். வெயிலில் நிற்கும் ஊர்தானே, வைட்டமின் டி-க்கு என்ன குறை என்று தோன்றும். வெயிலுக்குப் பெயர்போன திருப்பதி வட்டாரத்தில் நடந்த ஆய்வுகளிலேயே அந்தக் குறைபாடு பரவலாகத் தெரிந்தது.

மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மி.கி. கால்சியம் வேண்டும் என்கிறது இந்தியப் பரிந்துரை. நூறு கிராம் அரிசியில் இருப்பது 10 மி.கி. அளவுதான். மூன்று வேளையும் சோறும் குழம்புமாகப் போனால் பற்றாக்குறை எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது. நூறு கிராம் கேழ்வரகில் 350 மி.கி. அளவிலும், நூறு மில்லி பாலில் 120 அளவிலும் இருக்கிறது. முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, முள்ளோடு தின்னும் நெத்திலி எல்லாம் நம் சமையலறைக்குப் பழகியவைதான். ஆனால் நோய் உறுதியானவருக்கு உணவும் கால்சிய மாத்திரையும் மட்டும் போதாது. கரைவதைத் தடுக்கும் மருந்து வேண்டும். வாரத்துக்கு ஒன்று என்று விழுங்கும் அலென்ட்ரோனேட் மாத்திரையும், ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் ஜோலெட்ரானிக் அமிலமும் அதிகம் பயன்படுபவை. அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் நிறைய தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். எது, எத்தனை ஆண்டு என்பதைச் சிறுநீரகத்தின் நிலை பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்களுடைய பையில் ஒரு தையல் டேப்பும் எடை மெஷினும் இருந்து, அட்டையில் உயரத்துக்கு ஒரு கட்டமும் இருந்தால், ஊரில் யாரை முதலில் ஸ்கேனுக்கு அனுப்புவது என்ற பட்டியல் சில வாரத்தில் தயாராகிவிடும். அதற்குப் புதிய கட்டடமோ இயந்திரமோ வேண்டியதில்லை.

அதுவரை இதை வீட்டிலேயே செய்யலாம். அம்மாவோ மாமியாரோ அப்பாயியோ, அவருடைய சர்க்கரை நோட்டிலேயே தேதி, எடை, உயரம் மூன்றையும் எழுதிவையுங்கள். பொங்கலுக்குப் பொங்கல் அதே சுவரில், அதே டேப்பால் அளங்கள். 2 செ.மீ. குறைந்திருந்தால், 'எனக்கு வலி ஒண்ணும் இல்லையே' என்று அவர் மறுத்தாலும் எக்ஸ்ரேக்கு அழைத்துப் போங்கள்.